எரிசாராயமும் ஊர்தியும்: ஒரு சொல், ஒரு கணக்கு

முன்னுரை

மதுவை விலக்கிய மார்க்கத்தினர் நடத்தும் கல்லூரியின் மலரில் சாராயத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் வியக்கலாம். அவ்வியப்பு நியாயமானதே. ஆயினும் இங்கு ஆராயப்பெறுவது குடிக்கும் பொருளன்று, எரிக்கும் பொருள். ‘எரிசாராயம்’ என்னும் தமிழ்ச் சொல்லே இவ்வேறுபாட்டைத் தன்னுள் கொண்டுள்ளது.

அறிவியல் தமிழ்ப் பாடவேளையில் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆதனக்கோட்டைப் பகுதியிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து வினவினார்: “ஐயா, எங்கள் ஊரில் கொட்டையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு முந்திரிப் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். அது அழுகி நாறுகிறது. பெட்ரோலோ ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பழத்தை வீட்டிலேயே வடித்து வண்டிக்கு ஊற்றினால் என்ன?” வகுப்பு சிரித்தது. வினா சிரிப்பிற்குரியதன்று. வேளாண்மை, வேதியியல், பொருளியல், சட்டம் ஆகிய நான்கும் அவ்வொரு வினாவில் அடங்கியுள்ளன. அன்று வகுப்பில் நிறைவாக விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

தமிழர் மதுவகைகளுக்கு இட்ட பெயர்கள் பல. கள், நறவு, தேறல், மட்டு, பிழி என்பன சங்க நூல்களில் பயில்கின்றன. வீட்டில் அரிசியால் சமைத்த கள்ளைத் ‘தோப்பி’ எனப் பெரும்பாணாற்றுப்படை குறிக்கின்றது. ஆகவே வீட்டில் மது செய்தல் நம் நாட்டில் புதியதன்று. ஆனால் ஒன்றனை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். இவையெல்லாம் நொதிக்கவைத்த நீர்மங்களே, வடித்தெடுத்தவை அல்ல. நொதித்த நீர்மத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே நிற்கும். அது மயக்கும், எரியாது.

எரியும் நிலையை அடைய வடித்தல் வேண்டும். வடிகலத்தைச் சித்த மருத்துவ நூல்கள் ‘வாலை’ என்று வழங்கும். வாலையிலிட்டு வடித்த மருந்துநீர் ‘தீநீர்’ எனப்பெறும். குழந்தைகளுக்குப் புகட்டும் ஓமத் தீநீர் இவ்வகையினதே. அரபு நாட்டு அறிஞர்களும் இக்கலையில் வல்லவர்களாய் விளங்கினர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூபக்கர் அல்ராஸி வடிகலங்களைத் தம் நூலில் விரித்துரைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘ஆல்கஹால்’ என்னும் சொல் ‘அல்குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லினின்று பிறந்தது. அதன் முதற்பொருள் கண்ணுக்கிடும் மை. அம்மைக்கென நுண்ணிதாக அரைத்த பொடி. பின்னர் ஐரோப்பியர் எப்பொருளின் நுண்சாரத்தையும் இச்சொல்லால் சுட்டத் தொடங்கி, முடிவில் மதுவின் சாரத்திற்கே உரியதாக்கினர். ‘அராக்’ என்பதும் அரபுச் சொல்லே. வியர்வை என்பது அதன் பொருள். வடிகலத்தின் மூடியில் துளிதுளியாய்த் திரளும் நீர்மத்திற்கு இது பொருந்திய பெயராகும்.

நொதித்தலும் வடித்தலும்

பனையேறுவோர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாத கலயத்தில் இறங்குவது கள். காற்றிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பாளையின் சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு சாராயமாகவும் கரிவளி எனப்பெறும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றது. சுண்ணாம்பு அவ்வுயிரின் செயலைத் தடுக்கின்றது. கணக்கிட்டால், 180 கிராம் குளுக்கோஸ் சர்க்கரையிலிருந்து 92 கிராம் சாராயமும் 88 கிராம் கரிவளியும் பிறக்கும். அதாவது சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதியே சாராயமாகும். மறுபாதி காற்றோடு கலந்துவிடும்.

சாராயம் 78.4 பாகை வெப்பத்தில் கொதிக்கும். நீர் 100 பாகையில் கொதிக்கும். இவ்வேறுபாடே வடித்தலுக்கு அடிப்படை. நொதித்த ஊறலைக் காய்ச்சினால் சாராய ஆவி முந்திக்கொண்டு எழும். ஆனால் அது தனியே எழுவதில்லை. நீராவியையும் உடன் இழுத்துக்கொண்டு எழும். ஆகவே ஒரு முறை வடித்த நீர்மத்தில் பாதியளவோ அதற்கு மேலோ நீர் இருக்கும். மீண்டும் மீண்டும் வடிக்க வடிக்க நீர் குறையும். எனினும் எடையில் நூற்றுக்கு 95.6 பங்கு சாராயம் என்னும் அளவை எட்டியதும் அக்குறைவு நின்றுவிடும். அந்நிலையில் நீரும் சாராயமும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகும். எத்தனை முறை வடிப்பினும் எஞ்சிய நீர் பிரியாது. இஃது இயற்கை இட்ட வேலி எனலாம்.

அவ்வேலியைக் கடக்க வேறு வழிகள் வேண்டும். பண்டைய வழி சுட்ட சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டெடுத்து நீர் படாமல் வைத்தால், அது நீரைத் தேடி உறிஞ்சும் இயல்புடையது. கலயத்தில் கள்ளாகாமல் காத்த அதே சுண்ணாம்பு, இங்குச் சாராயத்தின் நீரை வாங்கிக்கொள்கின்றது. இக்காலத்து ஆலைகளில் ‘மூலக்கூறு சல்லடை’ எனத் தக்க சியோலைட் மணிகள் இப்பணியைச் செய்கின்றன. அம்மணிகளின் நுண்துளைகளில் நீரின் மூலக்கூறு நுழையும்; அதனினும் பெரிய சாராய மூலக்கூறு நுழையாது. இவ்வாறு நீர் முற்றும் நீங்கிய சாராயமே ‘நீரற்ற எத்தனால்’ எனப்பெறுகின்றது.

ஊர்தி வேண்டும் சாராயம்

இந்த நீர் ஏன் இத்துணைப் பெரிய செய்தியாகின்றது? சாராயம் நீரோடும் கலக்கும், பெட்ரோலோடும் கலக்கும். ஆனால் நீரும் பெட்ரோலும் கலவா. பெட்ரோலும் சாராயமும் கலந்த கலவையில் நீர் சிறிது மிகுந்தாலும், சாராயம் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அவ்வடி நீரைத்தான். வண்டி வழியில் நின்றுவிடும். எனவே பெட்ரோலில் கலக்க நீரற்ற சாராயமே ஏற்றது. பெட்ரோலே கலவாமல் சாராயத்தை மட்டும் எரிக்குமாறு அமைத்த எஞ்சின், நூற்றுக்கு ஐந்து பங்கு நீரைப் பொறுத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி நீர் கலந்த ஊர்க்காய்ச்சலை எவ்வெஞ்சினும் ஏற்காது.

நீரை நீக்கிவிட்டாலும் வேறுபாடுகள் சில எஞ்சுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உள்ளது. ஒரு லிட்டர் சாராயத்தில் ஏறத்தாழ 21. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் இருசக்கர வண்டி சாராயத்தில் 33 கிலோமீட்டர் அளவே ஓடும். மேலும், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். சாராயத்திற்கு 9 பங்கு போதும். பெட்ரோலுக்கென அமைந்த கார்புரேட்டரில் சாராயத்தை ஊற்றினால் காற்று மிகுந்து எரிபொருள் குறையும், எஞ்சின் இழுக்காது. எரிபொருள் வரும் துளையைப் பெரிதாக்கல் வேண்டும். சாராயம் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். சில உலோகங்களை அரிக்கும். இதற்கு மாறாக ஒரு சிறப்பும் அதற்குண்டு. அழுத்தத்தில் முன்கூட்டி வெடிக்காமல் தாங்கும் ஆற்றல் பெட்ரோலினும் சாராயத்திற்கு மிகுதி. அதற்கென அழுத்தம் கூட்டி அமைத்த எஞ்சினில் அது நன்கு உழைக்கும்.

வரலாறு காட்டும் சான்றுகள்

சாராயத்தால் ஊர்தி ஓட்டும் எண்ணம் பெட்ரோலுக்கும் மூத்தது. அமெரிக்கரான சாமுவேல் மோரே 1826ஆம் ஆண்டிலேயே சாராயமும் கற்பூரத்தைலமும் கலந்து ஓர் எஞ்சினை இயக்கினார். ஹென்றி ஃபோர்டு வேளாண் விளைபொருளினின்று பெறும் சாராயம் எதிர்கால எரிபொருளாகும் என்று கருதியவர்.

நம் நாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தைக் கண்ட முதியோர், பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்து சென்ற பேருந்துகளை நினைவுகூர்ந்ததுண்டு. கரியிலிருந்து எழும் வாயுவே அவற்றை இயக்கியது. அதே காலத்தில் மைசூர் சமஸ்தானத்தின் மண்டியாவில் சர்க்கரை ஆலையைச் சார்ந்து எரிபொருட் சாராயம் வடிக்கப்பெற்றது. விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டிலேயே பெட்ரோலில் சாராயம் கலப்பதற்கென நடுவணரசு ஒரு சட்டம் இயற்றியது. மலிவான பெட்ரோலியம் தாராளமாகக் கிடைக்கவே அம்முயற்சி தளர்ந்தது. சட்டமும் பின்னாளில் நீக்கப்பெற்றது.

2003ஆம் ஆண்டு முதல் சில மாநிலங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால் கலத்தல் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு சூனில் நாடு முழுவதற்குமான கலப்பு பத்து பங்கை எட்டியது. 2030ஆம் ஆண்டிற்கென முதலில் வகுத்த இருபது பங்கு இலக்கு 2025க்கு முன்கொணரப்பெற்று எட்டப்பட்டது. ஆக, தம் வண்டியில் சாராயம் ஊற்றலாமா என்று வினவிய மாணவர் தாமறியாமலேயே அதனை நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். இருபது பங்குக் கலப்பில் ஆற்றல் ஏறத்தாழ ஏழு விழுக்காடு குறையும் என்பது மேற்கூறிய கணக்கினின்று தானே பெறப்படும்.

பிரேசில் நாடு இத்துறையில் தலைசிறந்தது. 1975ஆம் ஆண்டு தேசியச் சாராயத் திட்டத்தைத் தொடங்கி, 1979ஆம் ஆண்டு முதல் முற்றிலும் சாராயத்தால் ஓடும் சிற்றுந்துகளை அந்நாடு விற்றது. ஆனால் 1980களின் இறுதியில் சர்க்கரை விலை ஏற, ஆலைகள் கரும்பைச் சர்க்கரையாக்கின. சாராயம் கிடைக்காமல் வண்டியுடையோர் துன்புற்றனர். 2003ஆம் ஆண்டு முதல் இரு எரிபொருள்களையும் ஏற்கும் எஞ்சின்கள் வந்த பின்னரே மக்கள் நம்பிக்கை மீண்டது. விளைபொருள் எரிபொருளாகும்போது சந்தையின் ஏற்றத்தாழ்வு அதனையும் தாக்கும் என்பதே அந்நாடு தரும் பாடம். நம் முந்திரி மரம் போர்த்துக்கீசியர் வழியாக வந்ததும் அந்நாட்டிலிருந்தே என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

முந்திரிப் பழக் கணக்கு

இனி மாணவரின் ஊருக்குத் திரும்புவோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் காடுகளில் முந்திரி முக்கியமான பயிர். ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் பெண்கள் கொட்டையை வறுத்து உடைத்து விற்பதை அவ்வழிச் செல்வோர் அறிவர். 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தின் முந்திரி, தென்னை, பலா மரங்களைப் பெருவாரியாகச் சாய்த்தது. எஞ்சியவற்றிலும் புதிதாய் நட்டவற்றிலும் கோடைதோறும் பழம் உதிர்கின்றது. பழுத்த ஒரு நாளில் அது கெடத் தொடங்கும். கோவாவில் இதே பழத்தை வடித்து மதுவாக்குவர். எரிபொருளாக்கினால் எவ்வளவு தேறும்?

ஒரு பழம் ஏறத்தாழ 60 கிராம் எனக் கொள்வோம். 500 பழங்கள் 30 கிலோ. பிழிந்தால் 18 லிட்டர் சாறு கிடைக்கும். சாற்றில் பத்தில் ஒரு பங்கு சர்க்கரை எனின் 1.8 கிலோ சர்க்கரை. அதனினின்று, இழப்புப் போக, ஏறத்தாழ ஒரு லிட்டர் சாராயம் பெறலாம். ஐந்நூறு பழத்திற்கு ஒரு லிட்டர்! அவ்வொரு லிட்டரைக் கொண்டு 33 கிலோமீட்டர் செல்லலாம். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் 50 கிலோமீட்டருக்கு அது போதாது.

இதனை எக்டேருக்குக் கணக்கிடுவோம். ஓர் எக்டேரில் 500 கிலோ கொட்டை விளைந்தால், கொட்டையினும் ஏழு மடங்கு எடையுள்ள பழம் 3,500 கிலோ இருக்கும். அதனினின்று ஏறத்தாழ 115 லிட்டர் சாராயம். 200 எக்டேர் முந்திரியுள்ள ஊர் ஒன்று ஒரு பழத்தையும் விடாது பொறுக்கினால் ஆண்டுக்கு 23,000 லிட்டர். ஆற்றலளவில் இது 15,000 லிட்டர் பெட்ரோலுக்கு நிகர். மாதம் 15 லிட்டர் செலவிடும் குடும்பங்கள் எண்பதற்குச் சற்று மேற்பட்டவற்றின் ஓராண்டுத் தேவை இது. வீணாகும் பொருளினின்று இவ்வளவு கிடைப்பது சிறிதன்று. பெட்ரோல் நிலையத்தை மூடுமளவிற்குப் பெரிதுமன்று.

அடுப்புக் கணக்கு

வீட்டில் வடித்தலை முற்றும் பயனற்றதாக்குவது பழக் கணக்கினும் அடுப்புக் கணக்கே. ஒரு லிட்டர் சாராயம் பெற 18 லிட்டர் ஊறலைக் காய்ச்சுதல் வேண்டும். 30 பாகையிலுள்ள 18 லிட்டரைக் கொதிநிலைக்கு அருகே கொணர ஏறத்தாழ 5 மெகாஜூல் வெப்பம் தேவை. மூன்று கல் கூட்டிய திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்களவே கலத்தைச் சேரும். பிற காற்றில் போகும். எனவே 5 மெகாஜூல் சேர 35 மெகாஜூல் விறகு எரிதல் வேண்டும். இது கொதிநிலை எய்தும் வரைக்கான செலவு மட்டுமே. ஆவியாக்கவும் மீண்டும் மீண்டும் வடிக்கவும் ஆகும் செலவு தனி. முடிவில் கிட்டும் சாராயத்தின் ஆற்றலோ 21 மெகாஜூல்! பெறுவதைவிட எரிப்பது பன்மடங்கு. வண்டி ஓட்டுவதற்காகக் காட்டை எரிப்பது போன்றது இது.

ஆலையில் நிலை வேறு. வெளியேறும் சூடான கழிவுநீரைக் கொண்டே உள்ளே வரும் ஊறலைச் சூடேற்றுவர். சக்கையை எரித்துக் கொதிகலனை இயக்குவர். ஒரே உயர்ந்த தூண்கலத்தில் பலமுறை வடித்தலின் பயனைப் பெறுவர். ஆகவே எரிசாராயம் என்பது அளவு பெருகினாலன்றிப் பயன்தராத தொழில் என்பது தெளிவாகின்றது. ஆயினும் ஆலையிலும் ஓர் இடருண்டு. ஒரு லிட்டர் சாராயத்திற்குப் பத்து லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் எஞ்சும். அதனைத் தூய்மை செய்யாது விடுத்தால் கண்மாயும் கிணறும் கெடும். மழையை நம்பியும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியும் வாழும் மாவட்டத்திற்கு இது சிறு செய்தியன்று. எரிபொருளுக்காக நிலத்தையும் நீரையும் பணயம் வைக்கலாமா என்னும் வினாவை இம்மாவட்டம் முன்பே எதிர்கொண்டுள்ளது. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் உழவர் எழுப்பிய குரல் நாடெங்கும் கேட்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அறந்தாங்கி, திருவரங்குளம், கறம்பக்குடி முதலிய ஒன்றியங்கள் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பெற்றன. நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிபொருளுக்குக் கேட்ட அதே வினாவை நிலத்தின்மேல் விளையும் எரிபொருளுக்கும் கேட்டல் முறையாகும்.

சட்டத்தின் நோக்கு

தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. இராசாசி முதலமைச்சராய் இருந்தபோது இயற்றப்பெற்று முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி உரிமமின்றிச் சாராயம் காய்ச்சுதல் மட்டுமன்று, அதற்கெனக் கலங்களையும் ஊறலையும் வைத்திருத்தலும் குற்றமாகும். “குடிக்கவன்று, வண்டிக்கு” என்னும் விடை காவல் நிலையத்தில் எடுபடாது. வாலையினின்று சொட்டும் நீர்மம் எதற்குரியது என்று அதனைப் பார்த்துக் கூற இயலாதன்றோ?

ஆலைச் சாராயத்தைப் பற்றியும் நீண்டநாள் வழக்கு இருந்தது. அரசியலமைப்பில் மாநிலங்களுக்கு உரியதாகக் கூறப்பெறும் ‘மயக்கந்தரும் மது’ என்னும் தொடர் குடிப்பதை மட்டும் குறிக்குமா, தொழிற்சாலைச் சாராயத்தையும் குறிக்குமா என்பதே அவ்வழக்கின் உயிர்நிலை. குறிக்காது என்னும் கருத்தில் 1989ஆம் ஆண்டு ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில், குறிக்கும் எனத் தீர்ப்புரைத்தது. ஒரு தொடரின் பொருள் வரையறை நாட்டின் வரிவருவாயையும் ஆட்சியதிகாரத்தையும் மாற்றியமைக்க வல்லது என்பதற்கு மொழி பயில்வோர் இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

பிற நாடுகளில் சட்டம் சிறு வாயில் ஒன்றைத் திறந்து வைத்துள்ளது. அமெரிக்காவில் உழவர் தம் நிலத்தில் எரிபொருளுக்கெனச் சாராயம் வடிக்கத் தனி உரிமம் பெறலாம். ஆனால் வளாகத்தை விட்டு வெளியேறுமுன் அதனைக் குடிக்கத் தகாததாக்கல் வேண்டும் என்பது கட்டளை. பெட்ரோலைச் சிறிது கலந்துவிட்டால் அதனை வாயில் வைக்கவொண்ணாது, எரிபொருளுக்கோ கேடில்லை. குடிக்கும் பொருள் எரிக்கும் பொருளாய் மாறும் இடம் இதுவே.

ஓரெழுத்தின் விலை

2024ஆம் ஆண்டு சூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்தும் உயிர் குடித்தது மெத்தனால். அது பெயிண்ட், தின்னர், வேதிப்பொருள் தொழில்களில் பயன்படும் நச்சு நீர்மம். பத்து மில்லிலிட்டர் கண்ணைப் பறிக்கவல்லது. முப்பது மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கவல்லது. நிறத்தாலும் மணத்தாலும் எத்தனாலினின்று எளிதில் பிரித்தறிய இயலாது. பேச்சுவழக்கில் இரண்டிற்கும் ‘ஸ்பிரிட்’ என்பதே பெயர்.

எத்தனால், மெத்தனால் என்னும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு முதலெழுத்து ஒன்றே. அவ்வேறுபாட்டை அறியாது குடித்தோரின் குடும்பங்கள் அழிந்தன. கலைச்சொல்லாக்கம் என்பது பட்டியல் தயாரிக்கும் வேலையன்று. உயிர்காக்கும் வேலையுமாகும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டவியலாது. ஊர்திக்குரியதை ‘எரிசாராயம்’ என்றும், மெத்தனாலைச் சாராயம் என்னும் சொல்லே சேராமல் ‘மெத்தனால் நஞ்சு’ என்றும் வேறுபடுத்தி வழங்கல் நன்று. ‘மரச்சாராயம்’ என்னும் பழைய மொழிபெயர்ப்பு, குடிக்கத்தக்கதோ என்னும் மயக்கத்தைத் தருதலின் விலக்கத்தக்கது. ஊர்தோறும் எரிசாராயக் கலங்கள் வைப்பதை அஞ்சுதற்கும் இதுவே காரணம். வண்டிக்கென வைத்த கலத்தில் இரவில் ஒரு கை நீளாது என்பதற்கு உறுதி யார் தருவார்?

செய்யத்தக்கன

அவ்வாறாயின் முந்திரிப் பழத்தை என்செய்வது? சில வழிகள் தோன்றுகின்றன. முதலாவது, சாற்றைப் பதப்படுத்திப் பானமாகவும், காடியாகவும், பழப்பாகாகவும் மாற்றல். பழத்தின் காறல் சுவையை நீக்கும் முறைகள் உள்ளன. வைட்டமின் சி ஆரஞ்சினும் பன்மடங்கு உள்ள பழத்தை எரிப்பதினும் உண்பது மேல். இரண்டாவது, கெட்ட பழத்தையும் சக்கையையும் சாணத்தோடு கரைத்துச் சாண எரிவாயுக் கலனில் இடல். இதற்கு வடித்தலும் வேண்டா, விறகும் வேண்டா, கலால் உரிமமும் வேண்டா. வீட்டளவில் எரிபொருள் வேண்டுவோர்க்கு இதுவே ஏற்ற வழி. கிடைக்கும் வாயு அடுப்பை எரிக்கும். எஞ்சும் குழம்பு மரத்திற்கு உரமாகும். மூன்றாவது, பல ஊர்கள் கூடிய கூட்டுறவு அமைப்பு பழத்தைத் திரட்டி, உரிமம் பெற்ற ஆலைக்குத் தருதல். பழம் ஆண்டில் இரண்டு மூன்று திங்களே கிடைக்கும். ஆகவே வெல்லப்பாகு, கெட்டுப்போன தானியம் ஆகியவற்றையும் ஏற்கும் ஆலையே நிலைக்கும். உண்ணத்தக்க தானியத்தை எஞ்சினுக்கு இடும் நிலை வாராமல் காத்தலும் வேண்டும்.

முடிவுரை

வீட்டில் வடித்த சாராயத்தால் வண்டி ஓட்டலாமா என்னும் வினாவிற்கு நான்கு விடைகள் கிடைத்தன. நீர் நீங்காமையால் இயற்கை மறுக்கின்றது. விறகு மிகுதலால் கணக்கு மறுக்கின்றது. குடியாகும் அச்சத்தால் சட்டம் மறுக்கின்றது. கள்ளக்குறிச்சியை எண்ணினால் நெஞ்சும் மறுக்கின்றது. ஆனால் மரத்தடியில் அழுகும் பழம் வீணாதல் கூடாது என்னும் அம்மாணவரின் எண்ணத்தை இந்நான்கும் மறுக்கவில்லை.

இவற்றை எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டியபோது, ஐந்நூறு பழத்திற்கு ஒரு லிட்டர் என்னும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். “ஒரு நாள் காலையில் எங்கள் அம்மா பொறுக்குவதே அவ்வளவு இராது, ஐயா” என்றார். பிறகு சாண எரிவாயுக் கலனுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டார். வினா மாறியது. அதுவே பாடத்தின் பயன்.